கொசுக்களிம்பு விற்ற வாரம்

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பது உலகத்தில் சொல்லி வைத்த பேச்சு. இந்த இருவர் விஷயத்தில் அது பொய்யாகிப் போயிருந்தது. அண்ணியின் புருஷன் பட்டாளத்தில் இருந்த மாதங்களில் இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு, அவன் குறட்டையைப் போலவே குறட்டை விட்டுக் காட்டிச் சிரித்தவர்கள். பின்னால் அந்தச் சின்னவளும் ராணுவத்தில் சேர்ந்து, கேப்டனாகி, பாதுகாப்பு அதிகாரியாக அதே முகாமுக்கு மாற்றலாகி வந்தாள். அன்றைக்கு அண்ணி முகாம் வாசலிலேயே போய் நின்றாள். "உங்க அண்ணனுக்கு இனிமே வீட்டுலயும் காவல், வெளியிலயும் காவல்" என்றாள்.

அதனால் ஒரு மதியம் கேப்டன் சீருடையோடு கடைக்குள் வந்து, கதவில் தொங்கிய பலகையை 'மூடியிருக்கிறது' என்று திருப்பி வைத்தபோது, சாப்பிட வந்திருக்கிறாள் என்றுதான் அண்ணி நினைத்தாள்.

கடை முகாமுக்குள்ளேயே இருந்தது. முடிதிருத்தும் கடை, தையல் கடை, சலவைக் கடை, அதையடுத்து இது. குடம் அளவுக்குப் புரதப் பொடி டப்பாக்கள், சத்து மாத்திரைகள், முழங்கால் பட்டை, பாதப் பவுடர், வியர்வை உறிஞ்சும் காலுறை, வெயிலுக்கும் குளிருக்கும் தடவும் களிம்புகள் என்று சிப்பாய்களின் உடம்புக்கு வேண்டியது எல்லாம் அங்கே கிடைக்கும். எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று அவள் அதட்டிச் சொல்வதால் பையன்கள் அவளை 'டாக்டரம்மா' என்பார்கள். கடை ஒரு பெரிய கம்பெனியின் கிளை. நடத்தும் பொறுப்பை ஒப்பந்தம் போட்டு இவள் எடுத்திருந்தாள். அந்தக் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிச் சில காலம் ஆகியிருந்தது. பெயர்ப்பலகை மாறவில்லை, சுவர் நிறம் மாறவில்லை. பில் போடும் மெஷின் மட்டும் புதிதாக வந்தது.

"உக்காரு குட்டி. முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?"

"அண்ணி, நான் வேலையா வந்திருக்கேன். கடையைப் பத்தி."

"கடைக்கு என்ன?"

"முகாமுக்குள்ள வெளிநாட்டுக்காரங்க கையில இருக்கற கடையெல்லாம் விசாரிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நீங்க என் அண்ணி, வேற யாரையாவது போடுங்கன்னு கர்னல்கிட்ட சொல்லிப் பார்த்தேன். வேற ஆள் இல்ல, உறவுமுறையை முதல் வரியிலயே எழுதிட்டு வேலையைப் பாருன்னுட்டார்."

அண்ணி கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள்.

"எந்த வெளிநாட்டுக்காரன் இங்க வந்தான்? காலையில ஷட்டரைத் தூக்கறது நான், சாயங்காலம் இறக்கறது நான். என் புருஷன் இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கறவர். என்னையா உளவு பாக்கறேன்னு சொல்ற?"

"உங்களைச் சொல்லல அண்ணி. ஆள் வந்துதான் உளவு பாக்கணும்னு இல்ல. இந்த மெஷின்ல என்னென்ன பதிவாகுது, அது எங்கெங்க போகுதுன்னுதான் கேக்கறேன்."

"பில்லு போகுது. வேற என்ன போகும்? மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம். எல்லாத்தையும் பாத்துக்கங்க, கேப்டன் மேடம்."

'கேப்டன் மேடம்' என்றது கேப்டனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் மெஷினைப் படம் எடுத்துக்கொண்டாள். வாடிக்கையாளரின் தொலைபேசி எண், பிரிவு, வாங்கிய பொருள் ஆகியவை திரையில் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டாள். போகும்போது பலகையைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

அவள் போன கையோடு தொலைபேசி அடித்தது. கம்பெனியின் ஏரியா மேனேஜர். எப்போதும் மரியாதையாகப் பேசும் இளைஞன்.

"மேடம், வாழ்த்துகள். உங்க கடையில உதட்டுக் களிம்பும் கம்பளிக் காலுறையும் பறக்குதாமே. மேல பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணாங்க. இன்னும் கொஞ்சம் அனுப்பட்டுமா?"

நாத்தனார் சந்தேகப்பட்ட எரிச்சலுக்கு அந்தப் பாராட்டு மருந்து போட்டாற்போல் இருந்தது. "அனுப்புங்க தம்பி" என்றாள். சொந்தக்காரிக்குத் தெரியாத அருமை எங்கேயோ இருக்கிறவனுக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே புருஷனிடம் புலம்பித் தீர்த்தாள். அவன் சார்ஜென்ட். பேசுவதைவிடக் கேட்பதற்குப் பழகியவன். தங்கையைப் பற்றிய புகார் என்பதால் இன்னும் கவனமாக வாயை மூடிக்கொண்டிருந்தான். புலம்பி முடித்துவிட்டு அவள், "உங்க கம்பளி உள்ளாடையைத் தனியா எடுத்து வச்சிருக்கேன். கிளம்பும்போது மறந்துடாதீங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "எங்க கிளம்பும்போது?"

"எங்கன்னு எனக்கென்ன தெரியும்? நீங்களும் சொல்ல மாட்டீங்க, நானும் கேக்க மாட்டேன். ஏதோ மலைப்பக்கம்."

"யார் சொன்னா உனக்கு?"

அவன் குரல் மாறியதைக் கேட்டு அவள் மடிப்பதை நிறுத்தினாள். "யாரும் சொல்லலைங்க. உங்க பிரிவுப் பசங்கதான் கொஞ்ச நாளா வந்து உதட்டுக் களிம்பும் கம்பளிக் காலுறையுமா அள்ளிட்டுப் போறாங்களே. வேர்த்துக் கொட்டற இந்த ஊர்ல அது எதுக்கு? அதிலயும் உங்க பிரிவு மட்டும்தான் வாங்குது. கடையில நிக்கறவளுக்கு இது கூடவா புரியாது?"

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"எனக்கென்ன பைத்தியமா? காத்துகிட்டகூடச் சொல்லல."

சொல்லி வாய் மூடவில்லை. மதியம் வந்த அழைப்பு நினைவுக்கு வந்தது. மேலே பார்த்துவிட்டு ஃபோன் பண்ணினார்கள் என்றானே. அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காலுறைக்கும் அவள்தான் எண்ணைக் கேட்டாள், பிரிவைக் கேட்டாள், பொத்தானை அழுத்தினாள். அவளுக்குப் புரிந்தது அவர்களுக்கும் புரிந்திருக்கும். இந்த வீட்டுக் கூடத்தில் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷன் எந்தப் பக்கம் போகப் போகிறான் என்பதை, அவளே தன் கையால் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறாள்.

தண்ணீர் குடித்தாள். அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தான்.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றான்.

"உங்க தங்கச்சிகிட்ட போறேன். செருப்பு எங்க?"

மறுநாள் கர்னலின் அறையில் அவள் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். கர்னல் பொறுமையாகக் கேட்டார். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே, "நீங்க சொல்றது சரியாத்தான் படுது. ஆனா வியாபாரி எது விக்குதுன்னு பாக்கத்தானே செய்வான்? அதைக் குத்தம்னு நான் மேல எழுதினா, கம்பெனி வக்கீல் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவான். விற்பனை விவரம் எதுவும் நாட்டைவிட்டு வெளிய போகாதுன்னு கம்பெனி உறுதி கொடுத்திருக்கு. மேலன்னா உள்ளூர் தலைமை ஆபீஸ்னு சொல்லிடுவாங்க. வெளிய போகுதுன்னு காட்ட முடியுமா?" என்றார்.

கேப்டன் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். "காட்டலாம் சார். குளிர் சாமான் வாங்கறது அப்படியே நிக்கட்டும். நாளையிலேர்ந்து எல்லாரும் கொசுக்களிம்பு வாங்கட்டும். சேத்துப்புண் பவுடர், தண்ணி சுத்தம் பண்ற மாத்திரை, படகுல போனா வர்ற குமட்டலுக்கு மாத்திரை. ஏதோ சதுப்புக்காட்டுக்குக் கிளம்பற மாதிரி. யார் கண்ணு முழிக்குதுன்னு பாப்போம்."

கர்னல் அவளையே பார்த்தார். பிறகு அண்ணியிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார். மீதிப் பேச்சு அவள் காதுக்கானதல்ல என்று அவளுக்கே தெரிந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

கேப்டன் வெளியே வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, ஒண்ணு யோசிச்சுக்கங்க. நாம நினைக்கற மாதிரி நடந்தா கடை போயிடும். கம்பெனி உங்களைச் சும்மா விடாது. நீங்க மாட்டேன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வேற வழி தேடறேன்."

"வேற வழி தேடறதுக்குள்ள உங்க அண்ணன் கிளம்பிடுவார்."

"அந்தக் கவலையை எங்ககிட்ட விடுங்க. கடையைப் பத்திச் சொல்லுங்க."

"கடையைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? அது எனக்கு உயிர்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா அங்க நின்னுகிட்டு, இனிமே ஒரு பையன் நம்பரைச் சொன்னா என் விரல் அந்தப் பொத்தான் மேல போகுமா? கொசுக்களிம்பு எவ்வளவு வேணும்னு சொல்லு. சரக்கு வரவழைக்கணும்."

கேப்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி பிடிக்க விட்டாள். "கேப்டன் மேடம்னு சொன்னது மனசுல இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"இருக்கட்டும். கொஞ்ச நாள் கழிச்சு மன்னிச்சுக்க."

அந்த வாரம் கடையில் கால் வைக்க இடமில்லை. பிரிவுத் தலைவர்கள் வாங்கச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். வாங்க வேண்டியவை வாங்கிவிட்டு, கேட்கக் கூடாததைப் பையன்கள் அவளிடம் வந்து கேட்டார்கள்.

"டாக்டரம்மா, இந்த முகாம்ல கொசுவே இல்லையே. என் ரத்தத்தைக் குடிக்கறது எங்க மேஜர் ஒருத்தர்தான். அவருக்கு இந்தக் களிம்பு வேலை செய்யுமா?" என்றான் சமையற்கூடத்துச் சிப்பாய்.

"முதல்ல தடவிப் பாரு. கேக்கலைன்னா ரெண்டாவது டப்பா எடுத்துக்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பொய் பேசத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள், பொழுது முழுக்க மெஷினுக்குப் பொய் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

புருஷனும் வந்தான். மற்றவர்களோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் கொசுக்களிம்பையும் குமட்டல் மாத்திரையையும் மேசைமேல் வைத்தான்.

"நம்பர்?" என்றாள், தெரியாதவள் போல.

சொன்னான். அழுத்தினாள். பையில் போட்டுக் கொடுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது ஒரு கணம்தான். பின்னால் நின்றவன் இருமினான். புருஷன் நகர்ந்து போனான்.

சில நாட்களில் சிப்பாய்களின் தொலைபேசியில் கடையின் செயலி கூவ ஆரம்பித்தது. ஈரக்காட்டுப் பயணத்துக்கான வலைக்கூடாரம், நீர்புகாத பை, பாதிவிலைச் சலுகை. அந்தப் பொருட்களின் பெயரை இந்த நாட்டில் எவரும் கேள்விப்பட்டதில்லை. கம்பெனியை வாங்கிய வெளிநாட்டு நிறுவனத்தின் சொந்தச் சரக்கு அவை. இங்கே எந்தக் கடையிலும் விற்பதில்லை. கேப்டன் ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்தாள். ஆனால் அதை மட்டும் நீட்டினால் தானாக நடந்த விளம்பரம் என்று தட்டிக் கழித்துவிடுவார்கள் என்று பொறுத்திருந்தாள்.

பொறுத்தது வீண் போகவில்லை. ஒரு காலை கடைத் தொலைபேசி அடித்தது. கேப்டன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பதிவு செய்யும் கருவியை இயக்கிவிட்டுத் தலையசைத்தாள். அதற்கான அனுமதியை முறைப்படி வாங்கியிருந்தார்கள்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்" என்றான் ஏரியா மேனேஜர். "மேலேர்ந்து கேக்கறாங்க. நம்ம தலைமை ஆபீஸ் இல்ல, அதுக்கும் மேல, வெளிநாட்டு ஆபீஸ். கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் குளிர் சாமான், இப்ப கொசு சாமான். உங்க பசங்க மலைக்குப் போறாங்களா, சதுப்புக்குப் போறாங்களான்னு கேக்கறாங்க. தெரிஞ்சா தோதா சரக்கு அனுப்பலாமாம். எத்தனை பேர், எப்பன்னு ஒரு உத்தேசமா சொன்னாக்கூடப் போதுமாம்."

அண்ணியின் உள்ளங்கை வேர்த்தது. குரலை மட்டும் வேர்க்க விடவில்லை. "யார் தம்பி கேக்கறது?"

"தெரியல மேடம். எனக்கு வர்றதுல துறைப் பேர்தான் இருக்கும், ஆள் பேர் இருக்காது."

"நம்ம மெஷின்ல இருக்கறதெல்லாம் அவங்களுக்கு அங்க தெரியுமா?"

"உங்களுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் தெரியும் மேடம்" என்று அவன் சிரித்தான். கள்ளமில்லாத சிரிப்பு. அவள் மனதை அது என்னவோ செய்தது.

"எனக்கு எங்க தெரியும் தம்பி. நான் கடைக்காரி. தெரிஞ்சா சொல்றேன்" என்று ஃபோனை வைத்தாள். கேப்டன் கருவியை நிறுத்தினாள். அண்ணி மெஷினின் பின்பக்கம் போய், குனிந்து, மின்கம்பியைப் பிடுங்கினாள்.

"இனிமே வேண்டாம்தானே?"

"வேண்டாம் அண்ணி."

விசாரணைக் குழுவின் முன் வாக்குமூலம் கொடுக்கப் போனபோது, உட்காருவதற்கு முன்னால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "அந்த ஏரியா மேனேஜர் தம்பி கேட்டதைக் கேட்டான், அவ்வளவுதான். எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. அவனைப் பலிகடா ஆக்கிட்டு மத்தவங்க தப்பிச்சுக்கறதா இருந்தா, என்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வராது." குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். கர்னல், "அது நியாயம்தான். பதிவு செய்துக்கங்க" என்றார்.

கம்பெனியின் வக்கீல் நன்றாகவே வாதாடினார். சரக்கு அனுப்புகிறவன் இடத்தையும் ஆள்கணக்கையும் கேட்பது உலக வழக்கம் என்றார். எந்தச் சிப்பாய்க்காவது ஒரு கீறல் விழுந்ததா என்று கேட்டார். விழவில்லை, அதை யாரும் மறுக்கவில்லை.

"வியாபாரக் கேள்வியாவே இருக்கட்டும் சார்" என்றாள் கேப்டன். "அந்தக் கேள்விக்குப் பதில் எங்களுக்கு ராணுவ ரகசியம். வெளிய போகாதுன்னு நீங்க சொன்னது வெளிய போயிருக்கு. எங்களுக்கு அது போதும்."

கேட்டவன் வெறும் வியாபாரியா, வேறு யாருக்காகவோ கேட்டவனா என்பது கடைசிவரை தெரியவில்லை. எல்லா முகாம் கடைகளிலும் அந்த மெஷின்களை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மெஷின் இல்லாமல் கடை வேண்டாம் என்று கம்பெனி காலி செய்தது. அண்ணியின் ஒப்பந்தத்தை ரத்து செய்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. ராணுவத்தின் சட்டப்பிரிவு தலையிட்ட பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டது. ஏரியா மேனேஜருக்கு வேறு ஊரில் வேலை கொடுத்தார்கள். ஒருநாள் அவன் அவளைக் கூப்பிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்" என்றான். "சொல்லியிருக்க முடியாது தம்பி" என்றாள். அவன் ஃபோனை வைத்துவிட்டான். அது அவளுக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு காலை வேலைக்குப் போன புருஷன் சாயங்காலம் வீடு திரும்பவில்லை. பிரிவே கிளம்பிவிட்டிருந்தது. மலைக்கா, வேறெங்காவதா, எந்த வழியாக என்று அவளுக்கு இந்தத் தடவை நிஜமாகவே ஒன்றும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

காலியான அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். தையற்காரர், "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தியேம்மா. உன் கடைக்கு வர்ற கூட்டம்தான் எங்க பக்கமும் எட்டிப் பாக்கும்" என்று குறைப்பட்டார்.

"கூட்டம் திரும்ப வரும்ண்ணே. ஆனா என் கடைக்கு வரும், கம்பெனி கடைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு நேரே முகாம் நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள்.

தனி ஆளுக்கு இடம் கொடுக்க விதி இல்லை, பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். வெளியே வந்து கேப்டனிடம் சொன்னாள்.

"இதுல நான் தலையிட முடியாது அண்ணி. தப்பா போயிடும்."

"உன்னைத் தலையிடச் சொன்னேனா? பதிவு எந்த ஆபீஸ்ல பண்றதுன்னு மட்டும் சொல்லு."

"அதுவும் நான் சொல்லக் கூடாது."

"சரி தாயே, பஸ்காரன்கிட்ட கேட்டுக்கறேன்."

நிறுவனம் பதிவாயிற்று. மனு திரும்பி வந்தது, சரக்கு எங்கிருந்து வாங்குவீர்கள் என்று கேட்டு. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சம்மதம் வாங்கினாள். சிலர் ராணுவம் என்றதும் தயங்கினார்கள், சிலர் ஒற்றைப் பெண் என்றதும் சிரித்தார்கள். சிரித்தவர்களிடம் மறுபடியும் போனாள். மலையிலிருந்து பிரிவு ஒரு ஆள் குறையாமல் திரும்பியபோது, புருஷன் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்டது கூடம் முழுக்கப் பரப்பிக் கிடந்த மாதிரி டப்பாக்களைத்தான். மூட்டையை வைக்க இடம் தேடினான். "சமையலறையில வைங்க, அங்க கொஞ்சம் காலி இருக்கு" என்றாள். பிறகுதான் அவன் தோளில் தலை வைத்து அழுதாள்.

பழைய அறை கிடைக்கவில்லை. சலவைக் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை பாதுகாப்புச் சோதனை உண்டு என்பது நிபந்தனை. உறவு என்பதால் கேப்டன் அந்தப் பக்கமே வரக் கூடாது. புதிதாக வந்த ஒரு லெப்டினன்ட் வந்தான். விறைப்பான ஆள். பில்லைப் பார்த்தான், சரக்கின் முத்திரைகளைப் பார்த்தான், மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். சார்ஜென்டின் மனைவி, கேப்டனின் அண்ணி என்பதெல்லாம் அவனுக்கும் தெரிந்திருந்தது. மூலையில் பூட்டியிருந்த அலமாரி அருகே வந்ததும் தயங்கி, "பரவாயில்லைம்மா, உங்களைப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்றான்.

அண்ணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"என்னைப் பத்தித் தெரியும். அலமாரியைப் பத்தி உங்களுக்குத் தெரியாதே. திறந்து பாருங்க" என்று அவன் கையில் கொடுத்தாள்.